நாற்பது லாரி என்பது பிழை

இடைநில்லாப் பேருந்து என்று முகப்பில் எழுதியிருந்தது. படித்துப் பார்த்துத்தான் ஏறினேன். தருமபுரியில் கிளம்பியதிலிருந்து ஏழு இடத்தில் நின்றாயிற்று. எண்ணிக்கொண்டு வருகிறேன், தம்பி. காவேரிப்பட்டணத்தை மன்னிக்கலாம், அது ஓர் ஊர். அப்புறம் ஒரு புளியமரத்தடியில் நின்றோமே, அங்கே யார் ஏறினார்கள்? யாரும் ஏறவில்லை. ஓட்டுநர் இறங்கினார், மரத்துக்குப் பின்னால் போனார், வந்தார். கண்டக்டரைக் கேட்டால் "பெருசு, அவசரம்னா நேத்தே கிளம்பியிருக்கணும்" என்கிறான். நேற்றுக் கிளம்பியிருக்க முடியாது. நேற்று நோட்டரி வக்கீல் ஊரில் இல்லை. இதையெல்லாம் அவனிடம் சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம். கண்ணை மூடிக்கொண்டிருக்கிறீர்களே தவிர, நீங்கள் தூங்கவில்லை. தூங்குகிறவர்கள் இவ்வளவு நேராக உட்கார மாட்டார்கள்.

விஷயம் இதுதான். இந்தப் பையில் ஒரு காகிதம் இருக்கிறது. மூன்று மணிக்குள் அது ஓசூரில் என் மாப்பிள்ளை கைக்குப் போய், அவர் அதை இணையத்தில் ஏற்றியாக வேண்டும். மூன்றுக்கு அந்த இணையதளத்தை மூடிவிடுவார்களாம். மூடினால் அறுபது நாள் கணக்குத் தவறும். தவறினால் மாப்பிள்ளைக்கு வேலை போகும். பாருங்கள், அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் இப்படிச் சுருக்கமாகச் சொன்னால் தப்பு என் மேல் இருப்பது போலத் தெரிகிறது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் முப்பத்தொரு வருஷம் அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நில எடுப்பு அறிவிக்கை, ஏல அறிவிக்கை, திருத்த அறிவிக்கை, திருத்தத்துக்குத் திருத்தம். என் எழுத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள், படித்திருக்க மாட்டீர்கள். ஒரே வாக்கியம், இருபத்திரண்டு வரி, கடைசி வரியில்தான் வினைமுற்று. அதுவரை மூச்சை அடக்கிக்கொண்டு வரவேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் என் தமிழ் புரியவில்லை என்று ஒரு புகார் வந்ததில்லை. புரிந்தது என்றும் யாரும் சொன்னதில்லை. ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டார்கள். மேடையில் ஓர் அதிகாரி, "நம்ம சாரோட தமிழைப் புரிஞ்சுக்க இன்னொரு சார் வேணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மாப்பிள்ளை பெயர் திருக்குமரன். 'சூப்பர்' என்ற சொல்லைச் சற்று அதிகமாகப் பயன்படுத்துவார், மற்றபடி நல்ல மனிதர். என் மகள் நன்முல்லையை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. பாவம், ராசியில்லாதவர். சேர்ந்த கம்பெனி ஒன்று மூடிப்போயிற்று, இன்னொன்று ஊர் மாறிப்போயிற்று. பேத்தி இப்போது நாலாவது பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள், இரண்டாம் வகுப்பு. இந்தக் கம்பெனியில் அனுமதிப் பிரிவு மேலாளர் என்று எடுத்தார்கள், ஆனால் தற்காலிகம். அரசாங்க அனுமதி குறித்த காலத்துக்குள் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் வேறு ஆள்.

கம்பெனி பெயர் வேண்டாம். மின்சாரப் பேருந்துக்குப் பேட்டரி செய்யப்போகிறார்கள், சிக்கமரஹள்ளி என்ற ஊரில். ஓசூரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர். ரோஜாவும் குடைமிளகாயும் போடுகிற ஊர். தொழிற்சாலை கட்ட வேண்டுமானால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். சாதாரணமாக இரண்டு வருஷம் ஆகுமாம். புகையில்லா வண்டித் திட்டம் என்பதால் இவர்களுக்கு மட்டும் துரித வழி என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அறுபதே நாள்.

"மாமா, ஒவ்வொரு நாள் லேட் ஆகும்போதும் ஊர்ல இருக்கிற டீசல் பஸ் அத்தனையும் அன்னைக்கும் புகை விடுது. கம்பெனிக்காகச் சொல்லல. நான் நம்புறேன்" என்றார் மாப்பிள்ளை.

நம்புகிறார் தம்பி, எனக்கு அதில் சந்தேகமில்லை. தப்பாகவும் சொல்லவில்லை. நாம் உட்கார்ந்திருக்கிற இந்த வண்டி விடுகிற புகையைப் பாருங்கள். பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரன் துணியைக் கட்டிக்கொண்டு வருகிறான்.

சரி. அனுமதிக்கு முன்னால் ஊரில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். கூட்டத்துக்கு முப்பது நாள் முன்னால் ஆய்வறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில் நானூறு பக்கம், சுருக்கம் இருபத்தாறு. வழக்கமாக இதைத் தமிழாக்கித் தருகிற ஆட்கள் இருபது நாள் கேட்டார்கள். அறுபதில் இருபது போனால் என்ன மிஞ்சும்? மாப்பிள்ளை நேராக என்னிடம் வந்தார்.

"மாமா, அஞ்சு நாள்ல முடியுமா?"

"மூன்று நாள்" என்றேன்.

"சூப்பர் மாமா."

மாதிரிக்கு என்று வேறொரு திட்டத்தின் தமிழ்ச் சுருக்கத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் 'செயற்பாட்டுக் கட்டத்தில் நிலத்தடி நீராதாரங்களின்மீது எதிர்நோக்கப்படும் உள்ளெடுப்பு' என்று இருந்தது. இதை எழுதியவர் யாரோ, ஆனால் கை என் கையைப் போலவே இருந்தது. அந்த மேடைச் சிரிப்பு காதில் கேட்டது. வாழ்க்கையில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, புரிகிற மாதிரி எழுதிப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன்.

மூன்று நாள் சொன்னேன், இரண்டரை நாளில் முடித்தேன். உள்ளெடுப்பு எல்லாம் கிடையாது, 'தண்ணீர் எடுப்பார்கள்' என்று எழுதினேன். எங்கிருந்து? 'பூமிக்கு அடியிலிருந்து.' எவ்வளவு? ஆங்கிலத்தில் நாளொன்றுக்கு நானூறு கிலோ லிட்டர் என்று இருந்தது. நீங்களே சொல்லுங்கள், சிக்கமரஹள்ளியில் யார் கிலோ லிட்டரில் குளிக்கிறார்கள்? 'தினமும் நான்கு லட்சம் லிட்டர், அதாவது நாற்பது தண்ணீர் லாரி' என்று எழுதினேன். ஒரு லாரிக்குப் பத்தாயிரம் லிட்டர் என்று கணக்கு. அந்த நாற்பது லாரியை வரிசையாக நிறுத்தினால் ஊராட்சி அலுவலகத்திலிருந்து பள்ளிக்கூட வாசல்வரை வரும் என்றும் சேர்த்தேன். அதற்காக நடுவில் ஒரு மத்தியானம் அந்த ஊருக்குப் போய் நடந்தே அளந்தேன். அந்தத் தூரம் முந்நூற்று அறுபது மீட்டர். சரியாக வந்தது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

என்ன, நின்றுவிட்டோமா? இது எட்டாவது. சுங்கச்சாவடியா? அட, அதற்குத்தான் அட்டை ஒட்டியிருக்கிறார்களே, பார்த்தவுடன் கம்பி தூக்க வேண்டாமா?

கம்பெனியில் யாராவது அதைப் படித்தார்களா என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். "நீங்க எழுதினதை நான் செக் பண்றதா மாமா?" என்றார் மாப்பிள்ளை. மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நேரமில்லாமல் சொன்னார் என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

காகிதம் ஊராட்சி அலுவலகத்துக்குப் போயிற்று. வழக்கமாக அங்கே வைக்கிற சுருக்கத்தின் மேல் டீ டம்ளர் வைப்பார்களாம். ஊராட்சிச் செயலரே சொன்னார். இதை வைத்த மறுநாள் ஒருவர் படித்தார். அதற்கு மறுநாள் ஜெராக்ஸ் எடுத்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் இருநூறு பிரதி போட்டாராம். இருநூறு! டீக்கடையில் ஒரு பையன் பக்கத்து ஆளுக்கு உரக்கப் படித்துக் காட்டினான், ஒரு இடத்தில்கூட அவன் நாக்கு தடுக்கவில்லை. நான் அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் நான் மூன்று தடவை அந்த ஊருக்குப் போனேன். சும்மாதான். காற்றாட.

கூட்டத்துக்கு ஐம்பது பேர் வருவார்கள் என்று நாற்காலி போட்டிருந்தார்கள். அறுநூறு பேர் வந்தார்கள். கம்பெனியில் திரை கட்டிப் படம் காட்டினார்கள், பச்சை நிறத்தில் ஒரு பேருந்து இலைகளுக்கு நடுவே ஓடியது. பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றார் அதிகாரி. முனிரத்னம்மா என்று ஒரு ரோஜாத் தோட்டக்காரி எழுந்தாள். ஒரு நாற்பத்தைந்து வயது இருக்கும், கையில் என் காகிதம், நாலாக மடித்தது.

"பஸ்ஸு கரண்டுல ஓடட்டும் சார், நல்லதுதான். நாங்களும் ஏறிப்போவோம். எங்க போரு எதுல ஓடும்? ஆயிரத்து இருநூறு அடி போட்டும் மண்ணுதான் வருது. ரோஜாவுக்கு லாரித் தண்ணி வாங்கி ஊத்துறேன். வாரத்துக்கு ஒரு லாரி. நீங்க ஒரு நாளைக்கு நாப்பது எடுப்பீங்களா?"

கைதட்டல். நான் பின்வரிசையில் இருந்தேன். நானும் தட்டினேன் என்று வையுங்கள். என் வாக்கியத்துக்குத்தான் தட்டினேன், அவள் கருத்துக்கு அல்ல.

பிறகுதான் அவள் அதைக் கேட்டாள். காகிதத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு சார். எங்க ஊருக்கு வர்ற லாரி ஆறாயிரம் லிட்டருதான் பிடிக்கும். நாப்பதுன்னு எழுதினவரு எந்த ஊரு லாரிய அளந்தாரு?" என்றாள்.

சிரித்தார்கள், தம்பி. அறுநூறு பேர். எனக்கு உடம்பு சுட்டுவிட்டது. அதற்குள் வேறு யாரோ மைக்கைப் பிடுங்கினார்கள், கூச்சல், பந்தல் கால் ஒன்று சாய்ந்தது, கூட்டம் முடிந்தது என்று அறிவித்தார்கள். அவள் கேட்ட கேள்வி யார் காதிலும் தங்கவில்லை, என் காதைத் தவிர. அதிகாரி குறிப்பில் எழுதிய ஒரே விஷயம், நாற்பது லாரிக்குக் கம்பெனி விளக்கம் தர வேண்டும் என்பதுதான்.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை ஒருநாளும் பேசாத மாதிரி பேசினார். "மொழிபெயர்க்கத்தானே மாமா சொன்னேன்? புரிய வைக்கவா சொன்னேன்?"

அவர் விடவில்லை. "நாலு லட்சம் லிட்டர் முதல் வருஷம்தான் மாமா. ரெண்டாவது வருஷத்துலேருந்து நகராட்சியோட சுத்திகரிச்ச தண்ணிதான். ரிப்போர்ட்ல முப்பத்தோராம் பக்கத்துல தெளிவா இருக்கு. அதை ஏன் எழுதல?"

அது அறிக்கையில் இருக்கிறது, சுருக்கத்தில் இல்லை. சுருக்கத்தில் இல்லாததை நான் எப்படி எழுதுவேன்? நீங்கள் சிரிப்பது தெரிகிறது. லாரியும் சுருக்கத்தில் இல்லையே என்கிறீர்கள். லாரி விளக்கம், இது சேர்க்கை. இரண்டும் வேறு. நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்கலாமா? குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பதா? அப்படியானால் விடுங்கள், இந்த வேறுபாடு கொஞ்சம் நுட்பமானது.

கம்பெனி வக்கீல் ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்பது லாரி என்பது மொழிபெயர்த்தவர் தம் இஷ்டத்துக்குச் சேர்த்தது, அது பிழை என்று மொழிபெயர்த்தவரே முத்திரைத்தாளில் உறுதிமொழி கொடுத்துவிட்டால், அந்த வரியை நீக்கிக் கோப்பை மேலே அனுப்பிவிடலாம். இன்னொரு கூட்டம் வேண்டாம். அறுபது நாளும் தப்பாது.

மறுத்துவிட்டேன். எழுதியதைப் பிழை என்று முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒப்புக்கொண்டதில்லை. அச்சுப்பிழை என்று வேண்டுமானால் சொல்லியிருக்கிறேன். நன்முல்லை போன் செய்தாள்.

"அப்பா, ஒரே ஒரு தடவை தப்புன்னு சொல்லிடுங்கப்பா. உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்? இவருக்கு இன்னொரு வேலை தேடுற தெம்பு இல்லப்பா. ராத்திரி எந்திரிச்சு உட்கார்ந்துக்கிறாரு."

அழுதாள். அவள் அழுது நான் கேட்டது அவள் அம்மா போன அன்றைக்குத்தான். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே 'நாற்பது பிழை' என்று சொல்லிப் பார்த்தேன், வாய்க்குள். வரவில்லை.

அப்போதுதான் அந்த ரோஜாத் தோட்டக்காரி ஞாபகம் வந்தாள். மறுநாள் முதல் பேருந்தில் சிக்கமரஹள்ளிக்குப் போனேன். சாலையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து காலையிலிருந்து மத்தியானம் வரை போன தண்ணீர் லாரிகளைப் பார்த்தேன். மொத்தம் பதினொன்று. ஒவ்வொன்றின் வயிற்றிலும் கொள்ளளவு எழுதியிருக்கிறது. பதினொன்றிலும் ஆறாயிரம். ஒன்றுகூடப் பத்தாயிரம் இல்லை. அப்படியானால் நாற்பது என்பது பிழைதான்! சத்தியமாகப் பிழை! எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? பொய் சொல்ல வேண்டியதே இல்லை. அங்கேயிருந்தே நன்முல்லைக்குப் போன் போட்டேன்.

"சரிம்மா, பிழை என்று எழுதித் தருகிறேன்."

மறுபடி அழுதாள். இந்த அழுகை வேறு.

மாப்பிள்ளை முத்திரைத்தாளில் அடித்தே கூரியரில் அனுப்பினார், கையெழுத்து மட்டும் போட்டால் போதும் என்று. ஒரு பக்கத்தில் பதிமூன்று பிழைகள். அதில் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்? வேறு தாள் வாங்கி நானே முழுதும் எழுதினேன். நோட்டரி வக்கீல் இன்று காலை பத்தரைக்குத்தான் வந்தார். கையெழுத்து எங்கே என்று பார்த்தார், முத்திரை குத்தினார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்புங்கள் என்றார் மாப்பிள்ளை. என்னுடையது பொத்தான் போன். நானே கொண்டுவருகிறேன் என்று ஏறிவிட்டேன்.

இதோ, நீங்களே பாருங்கள். மடங்காமல் பிடியுங்கள். முதல் பத்தி: 'நாற்பது தண்ணீர் லாரி என்று நான் குறிப்பிட்டது பிழை என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.' கேட்டது கேட்டபடி இருக்கிறதா? இரண்டாம் பத்தி: 'சிக்கமரஹள்ளிக்கு வரும் லாரி ஒவ்வொன்றும் ஆறாயிரம் லிட்டரே கொள்வதை நேரில் கண்டேன். ஆகவே நாற்பது என்பதை அறுபத்தேழு என்று திருத்திப் படிக்கவும்.'

ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்? வகுத்துப் பாருங்கள். அறுபத்தாறும் மூன்றில் இரண்டு பங்கும் வரும். மூன்றில் இரண்டு லாரி என்று ஒரு லாரி கிடையாது. அறுபத்தேழுதான்.

இரண்டாம் பத்தியை எடுத்துவிடலாமே என்கிறீர்கள். எடுத்துவிட்டால்? பிழை என்று மட்டும் சொல்லிவிட்டுச் சரி எது என்று சொல்லாமல் போவதா? எந்தத் திருத்த அறிவிக்கையை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள், 'இன்னதற்குப் பதில் இன்னது' என்றுதான் இருக்கும். பாதித் திருத்தம் என்று ஒன்று இல்லை.

மாப்பிள்ளைக்கு இது பிடிக்குமா என்றா? அவர் கேட்டதைக் கொடுத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் படித்துப் பார்த்துச் சொல்லட்டும். படிப்பார்தானே? இவ்வளவு முக்கியமான காகிதத்தைப் படிக்காமலா இருப்பார்?

மறுபடி நின்றுவிட்டது. இது நிறுத்தமில்லை, நெரிசல். ஓசூர் வந்துவிட்டதா? அதோ தூரத்தில் பாலம் தெரிகிறதே, அதுவரைக்கும் லாரிதான். மணி என்ன? இரண்டு இருபத்தைந்தா? இங்கேயே இறங்கி நடக்கலாமா? நடந்தால் எவ்வளவு நேரம்? கண்டக்டர்! இங்கே இறங்கலாமா, அப்பா? "ரோட்டு நடுவுல இறக்கிவிட முடியாது பெருசு." கேட்டீர்களா? நிறுத்தக் கூடாத இடத்திலெல்லாம் நிறுத்தினான், நிற்கிற வண்டியிலிருந்து இறங்கக் கூடாதாம்.

இருங்கள், போன். நன்முல்லைதான். சொல்லும்மா. நகரவே இல்லையம்மா. பெரிய பெட்ரோல் பங்க் ஒன்று தெரிகிறது, அதற்குச் சற்று முன்னால். நீலப் பேருந்து. ஆமாம், ஜன்னலோரம்தான். சரி. சரிம்மா.

அவளே வருகிறாளாம். மாப்பிள்ளை அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாராம், எழுந்திருக்கவே பயமாம். கையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறேன், அவளுக்கு அடையாளம் தெரியட்டும். உங்களுக்கு இடைஞ்சலாக இல்லையே?

அதோ! அந்த வெள்ளை ஸ்கூட்டர். சத்தமே வராத வண்டி, கம்பெனியில் கொடுத்தது. லாரிக்கு நடுவில் எப்படி நுழைந்து வருகிறாள் பாருங்கள். மெதுவா, மெதுவா வாம்மா!

"குடுங்கப்பா."

"இறங்கி வந்துடட்டுமா?"

"வேணாம்ப்பா, நேரமில்ல. குடுங்க."

"ஒரு தடவை படிச்சிடும்மா."

"எதுக்குப்பா? கையெழுத்து இருக்கா? சீல் இருக்கா? போதும். தேங்க்ஸ்ப்பா. எங்களைக் காப்பாத்திட்டீங்க."

போய்விட்டாள். பார்த்தீர்களா, முத்திரையைப் பார்த்தாள், பைக்குள் வைத்தாள். என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள், அதற்கு நேரம் இருந்தது. ஒரு வரி படிக்கவில்லை. மளிகைக்கடையில் பொட்டலம் கட்டித் தருகிற காகிதத்தைக்கூடப் பிரித்துப் படிக்கிற பெண் இவள். மாப்பிள்ளையும் படிக்க மாட்டார், தம்பி. வாங்குவார், இயந்திரத்தில் வைப்பார், ஏற்றிவிடுவார். மேலே அதிகாரி திறந்தால் அறுபத்தேழு உட்கார்ந்திருக்கும், முத்திரையோடு. அவர் திறப்பார். அவர் விளக்கம் கேட்டிருக்கிறாரே, அவர் ஒருவர் படித்துத்தானே ஆக வேண்டும்.

போன் பண்ணச் சொல்கிறீர்கள். பண்ணலாம். இதில் முதல் எண்ணே அவளுடையதுதான், ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் போதும். 'இரண்டாம் பத்தியைப் படி' என்றால் முடிந்தது. மூன்றே சொல். அவள் புரிந்துகொள்வாள், மாப்பிள்ளை அந்தப் பத்தியை மறைத்து வைத்து நகலெடுப்பார், எல்லாம் சரியாகிவிடும். எனக்குத் தெரியாதா? ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார் என்று அவள் சொன்னது என் காதிலேயே இருக்கிறது.

பண்ணத்தான் வேண்டும். கையிலேயே வைத்திருக்கிறேன், பாருங்கள்.

மணி என்ன இப்போது? இரண்டு நாற்பதா? அவள் வண்டியில் போய்க்கொண்டிருப்பாள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நாம் போன் பண்ணக் கூடாது, தம்பி, அது ரொம்பத் தப்பு. மூன்று ஆகட்டும்.